குலுக்கிய பின்

அன்றைக்கு வெள்ளிக்கிழமையாய் இல்லாமல் இருந்திருந்தால், நானும் கோப்பையை ஏந்திக்கொண்டு கூழ்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றிருப்பேன். ஒன்றையும் கவனித்திருக்க மாட்டேன். வெள்ளியில் நான் மச்சம், அதாவது மீன் இறைச்சி ஒன்றும், தொடுவதில்லை. நண்டும் இறாலும் மணக்க மணக்க எல்லாரும் கோப்பையோடு காத்து நிற்கும்போது வாயைக் கட்டிக்கொண்டு நின்றவள் நான் ஒருத்திதான். அந்த எரிச்சலில் கண்ணை வேறு எங்கே வைப்பது? பானையில் வைத்தேன்.

ஆனால் இந்தக் கதை பானையில் தொடங்கவில்லை. நான் மருந்து கொடுக்கும் யன்னலில் தொடங்கியது.

என் பெயர் ஜெயகௌரி, உரும்பிராய்க்காரி. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆசுபத்திரியில் மருந்தாளராய் இருக்கிறேன். என்னைப் பற்றி ஆசுபத்திரியில் இரண்டு அபிப்பிராயம் உண்டு: ஒன்று, எனக்கு மூக்கு நுனியில் கோபம். மற்றது, ஒரு விஷயத்தை ஏன் என்று கேட்கத் தொடங்கினால் ஆளை விடமாட்டேன். இரண்டும் சரிதான். மறுத்துப் பேச எனக்கு நேரமும் இல்லை.

குறைமாதப் பிள்ளைகளின் வோட்டுக்கு மருந்து செய்து கொடுப்பது என் பொறுப்பு. ‘எடுத்துக் கொடுப்பது’ என்று நான் சொல்லவில்லை, ‘செய்து கொடுப்பது’ என்றுதான் சொல்கிறேன். வலிப்புக்கு எங்களிடம் இருப்பது பெரிய ஆட்கள் விழுங்கும் குளிசை. அதை இரண்டாய் உடைக்கலாம், நாலாய் உடைக்கலாம். ஒரு கிலோவும் நிறையாமல் பிறந்த பிள்ளைக்கு அதை எத்தனையாய் உடைப்பது? ‘சிரப்’ என்று போத்தலில் ஆயத்தமாய் வரும் பாணியும் உண்டுதான். மருந்து கரையவேண்டும் என்பதற்காக அதில் அல்ககோல் சேர்த்திருப்பார்கள். பெரிய மனிசனின் ஈரல் அதைப் பொருட்படுத்தாது. குறைமாதப் பிள்ளையின் ஈரல் இன்னும் தன் வேலையையே பழகவில்லை. அதற்குப் போய் அல்ககோலைக் கொடுக்க முடியுமா? ஆகவே குளிசையைக் கல் உரலில் இட்டு மாவாய் அரைத்து, பாணியில் கலந்து, மண்ணிறப் போத்தலில் அடைத்து, லேபல் ஒட்டிக் கொடுப்பேன்.

அந்தத் தூள் பாணியில் கரையாது. குலுக்கினால் மிதக்கும், விட்டால் அடியில் போய்ப் படுத்துவிடும். அதனால்தான் லேபலில் ‘நன்கு குலுக்கிய பின் கொடுக்கவும்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பேன். அந்த வசனத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

முன்பு தடிப்பான பாணியில்தான் கலந்தேன். அதில் தூள் லேசில் அடியில் அடையாது. பிறகு ஒருநாள் குறைமாதப் பிள்ளைகளின் வோட்டிலிருந்து றபீக்கா மிஸி சிறிஞ்சும் கையுமாய் என் அறைக்குள் பாய்ந்து வந்தாள். எங்கள் பக்கத்தில் நேர்ஸ்மாரை மிஸி என்றுதான் கூப்பிடுவோம். றபீக்கா என் சிநேகிதியும்கூட.

“ஜெயா, உம்மடை கஞ்சியை நீரே வந்து பிள்ளையளுக்குப் பருக்கும். குழாய்க்குள்ளாலை போகமாட்டனெண்டு அடம்பிடிக்குது.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு மூக்கு வழியாய் வயிற்றுக்குப் போகும் குழாய், இடியப்ப உரலின் கண்ணைவிடச் சின்னது. தடிப்பு மருந்து அதற்குள் ஒட்டிக்கொண்டால் பாதி குழாயோடே நின்றுவிடும். ஆகவே பாணியை இளக்கினேன். வோட்டில் ஒரு பிரச்சினையும் வரவில்லை. றபீக்காவும் கஞ்சி என்று சொல்வதை விட்டுவிட்டாள்.

இனி லவீனாவுக்கு வருகிறேன். குருநகர்க்காரி. புருசன் டினேஸ் கடலுக்குப் போகிறவன். அவர்களுடைய முதல் பிள்ளை கொலின்ஸ், ஏழு மாதம் நிறையமுன்னமே அவசரப்பட்டு வந்துவிட்டான். மூளையில் சிறிது இரத்தம் கசிந்து, வலிப்பு வந்து, எங்களுடைய வோட்டில் நெடுநாள் கிடந்து, உடம்பு தேறி வீட்டுக்குப் போனவன். போகும்போது என் மருந்துப் போத்தலும் கூடவே போனது. அதன் பிறகு கிளினிக் நாளில் தாயும் பிள்ளையும் வருவார்கள், புதுப் போத்தல் வாங்கிக்கொண்டு போவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் லவீனா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, டொக்டர் எழுதிய மருந்துத் துண்டை நீட்டினாள். நீட்டிய கையை எடுக்கவில்லை.

“மிஸ், கோவிக்காட்டில் ஒண்டு கேக்கட்டோ?”

“கேளும்.”

“உங்கடை மருந்து எல்லா நேரமும் ஒரே மாதிரியோ?”

எனக்குச் சுறுக்கென்றது. “இதென்ன கதை? ஒவ்வொரு போத்தலும் நான் நிறுத்து நிறுத்துச் செய்யிறன். போத்தலுக்குப் போத்தல் மாறாது.”

“போத்தலுக்குப் போத்தல் இல்லை மிஸ். ஒரு போத்தலுக்குள்ளையே மாறுது.”

பின்னால் நின்றவர்களின் துண்டுகளை வாங்கிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

“விளங்கச் சொல்லும்.”

“புதுப் போத்தல் உடைக்கிற கிழமை இவனுக்கு நித்திரையே இல்லை. கை காலை வெட்டி வெட்டி இழுப்பான். போன முறை வலிப்பே வந்திட்டுது. போத்தல் முடியிற கிழமையெண்டால் எழுப்ப ஏலாது. பால் வாயிலை கிடக்கும், நித்திரை. கண்ணைத் துறந்தாலும் என்னைப் பாக்கிறானில்லை மிஸ். சுவரைப் பாக்கிற மாதிரி என்னைப் பாக்கிறான். ஒவ்வொரு போத்தலுக்கும் இதே கூத்துத்தான்.”

தோளில் கிடந்த கொலின்ஸைப் பார்த்தேன். வாய் திறந்தபடி, கழுத்து துவண்டு, யன்னலில் இவ்வளவு சத்தத்துக்கும் அசையாமல் தூங்கினான்.

“இப்ப போத்தல் முடியிற கிழமையோ?”

“ஓம் மிஸ். வீட்டிலை அடியிலை கொஞ்சம் கிடக்கு.” அவள் குரல் இறங்கியது. “மூளையிலை தாக்கம் இருக்கலாமாம் எண்டு டொக்டர் சொன்னவர். மருந்தையும் கூட்டி எழுதியிருக்கிறார். இவன் என்னை ஒருநாளும் அடையாளம் பிடிக்கமாட்டானோ மிஸ்?”

துண்டைப் பார்த்தேன். மருந்தின் அளவு ஒன்றரை மடங்காய் ஏறியிருந்தது. இப்போதே இப்படித் தூங்குகிற பிள்ளைக்கு ஒன்றரை மடங்கா? குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இந்த மருந்து மிஞ்சினால் நித்திரையோடு நிற்காது. மூச்சு விடவும் மறந்துபோகும்.

“நீர் போத்தலைக் குலுக்கிறனீரோ?”

“நல்லாக் குலுக்குவன் மிஸ்.”

எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். நான் நம்பவில்லை. அவளை வாங்குப் பலகையில் இருத்திவிட்டுத் துண்டோடு கிளினிக் அறைக்குப் போனேன்.

டொக்டர் சிவதர்ஷன் நல்ல மனிசன். என்னைக் கண்டாலே ஒரு பெருமூச்சு விடுவார், ஆனால் கதவைச் சாத்தமாட்டார். பொறுமையாய்த்தான் விளங்கப்படுத்தினார்.

“மிஸ் ஜெயகௌரி, பிள்ளைக்கு வலிப்பு வந்திருக்கு. நிறையும் ஏறியிருக்கு. அப்ப பழைய அளவு காணாது. நித்திரை வேறை விஷயமாயிருக்கலாம். மூளையிலை இரத்தம் கசிஞ்ச பிள்ளை எல்லோ?”

“இரத்தத்திலை மருந்து எவ்வளவு நிக்குதெண்டு தெரியுமோ டொக்டர்?”

“வலிப்பு வந்த கிழமையே இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினது. மறுமொழி வரேல்லை. வருமட்டும் பிள்ளையை வலிப்போடை விடச் சொல்லுறியளோ?”

அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. ஆனால் ஒரு போத்தலுக்குள்ளேயே மருந்து எப்படி மாறும் என்ற கேள்வி மட்டும் அந்தச் சரிகளுக்குள் அடங்காமல் வெளியில் நின்றது. திரும்பி வந்து புதுப் போத்தலைக் கொடுத்தேன். லவீனா அதைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள்.

“பழசை வீணாக்காமல் முடிச்சுப்போட்டுத்தான் புதுசை உடைப்பன் மிஸ். பின்னேரத்திலையிருந்து கூட்டின அளவு.”

அவள் போனபிறகு எனக்கு வேலை ஓடவில்லை. இரண்டு பேருக்கு மருந்தை மாற்றிக் கொடுக்கப் பார்த்து, நல்லகாலம் நானே பிடித்துவிட்டேன். வேலை முடிந்து வெளியில் வரும்போது றபீக்கா ஸ்கூட்டியோடு நின்றாள்.

“என்ன, முகம் உர் எண்டு கிடக்கு? ஆரைக் கடிக்கப் போறீர்?”

சொன்னேன். அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது. கொலின்ஸ் அவள் கையில் வளர்ந்த பிள்ளை.

“லவீனா பிழை விடமாட்டாள் ஜெயா. வோட்டிலை வைச்சு நானே பழக்கினனான். ஒருக்காச் சொன்னால் காணும். சிறிஞ்சிலை ஒரு குமிழி நிக்க விடமாட்டாள், அப்பிடி ஒரு பிள்ளை.”

“அப்ப மருந்து பிழையோ? என்ரை மருந்து பிழையெண்டு சொல்லுறீரோ?”

“நான் எங்கை சொன்னனான்? விசர்க்கதை கதையாமல் ஏறும். வீட்டை போய்ப் பாப்பம். எனக்கு அந்தப் பக்கம் போகிற வழிதான்.”

ஏறினேன். எனக்கு அந்தப் பழைய போத்தலைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். பார்த்தால் என்ன தெரியும் என்று எனக்கே தெரியாது.

குருநகரில் அன்று காற்று. படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. டினேஸ் வீட்டார் இருப்பது தொடர்மாடியில். கீழே வெளியில் மூன்று கல்லை வைத்துப் பெரிய பானையில், காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவில் கரைத்த கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. டினேஸின் அக்கா யோசப்பின்தான் பொறுப்பு. கடல் இல்லாத நாளில் கூழ் காய்ச்சி அந்த மாடி முழுவதற்கும் வார்ப்பாளாம். கையில் அகப்பையோடு எங்களை மறித்தாள்.

“மிஸிமார் ரெண்டு பேரும் குடிச்சிட்டுத்தான் போகோணும்.”

“இண்டைக்கு வெள்ளி, அக்கா. நான் மச்சமில்லை.”

“எங்களுக்கும் வெள்ளிதான் மிஸ், நாங்களும் இறைச்சி தொடமாட்டம். நண்டு என்ன இறைச்சியே?”

றபீக்கா சிரித்துக்கொண்டே என்னைப் படியில் தள்ளினாள்.

வீட்டில் லவீனா பிள்ளைக்கு விசிறியால் விசுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் பதறி எழுந்தாள், நாங்கள் ஏதோ கெட்ட செய்தியோடு வந்திருக்கிறோம் என்று. சும்மாதான் வந்தோம் என்று சொல்லி, போத்தலைக் கேட்டேன். சுவரில் மாதா சுரூபம் வைத்த தட்டில், சுரூபத்தின் காலடியில் அது நின்றது. தூக்கிப் பார்த்தேன். மண்ணிறப் போத்தல். வெளிச்சம் பட்டால் மருந்து கெடும் என்பதற்காக நான் தேடி வாங்கும் போத்தல்தான். உள்ளே எவ்வளவு கிடக்கிறது என்று ஆட்டிப் பார்த்துத்தான் அறியலாம். அது என்ன நிறத்தில் கிடக்கிறது என்று ஆராலும் சொல்ல முடியாது.

“மருந்து குடுக்கிற நேரம்தான் மிஸ். உங்களுக்கு முன்னாலையே குடுக்கட்டோ?”

“ஓம். நீர் வழமையாய்ச் செய்யிற மாதிரிச் செய்யும்.”

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். மூடியை இறுக்கிப் பார்த்தாள். பிறகு போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினாள் பாருங்கள், வளையல் எல்லாம் கலகலவென்று சத்தம் போட்டது. என் மருந்தகத்தில்கூட நான் அப்படிக் குலுக்குவதில்லை. அவள் பொய் சொல்கிறாள் என்று காலையில் நினைத்ததற்கு எனக்கு வெட்கமாய் இருந்தது. றபீக்கா என்னைப் பார்த்து, ‘நான் சொன்னனே’ என்கிற மாதிரிப் புருவத்தை உயர்த்தினாள்.

பிறகு லவீனா போத்தலை மாதாவுக்கு முன்னால் வைத்து, மெழுகுதிரியைக் கொளுத்தி, சிலுவை போட்டுக்கொண்டாள்.

“ஒரு பத்துமணி சொல்லிப்போட்டுக் குடுப்பன் மிஸ்.”

பத்துமணி என்றால் செபமாலையில் ஒரு பத்து மணிகளை உருட்டிச் சொல்லும் செபம். ஒரு தாய் தன் பிள்ளைக்காக முழங்காலில் நிற்கும்போது அதைப் பக்கத்தில் நின்று விடுப்புப் பார்ப்பது எனக்குச் சரியாய்ப் படவில்லை. றபீக்காவுக்கும் அப்படித்தான். சைவமும் இஸ்லாமும் சத்தம் போடாமல் படியிறங்கின.

கீழே கூழ் இறக்கியாயிற்று. டினேஸ் அகப்பையைப் பானையின் அடிவரை விட்டு, புரட்டிப் புரட்டிக் கலக்கினான். மரவள்ளியும் பயற்றங்காயும் நண்டுக்காலும் மேலே வந்து வந்து தாழ்ந்தன. மணம் என்னைச் சோதித்தது. அந்த நேரம் பார்த்து அவனுடைய போன் அடித்தது. படகு எஞ்சின் விஷயம். அகப்பையைப் பானையிலேயே விட்டுவிட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, “ஓம் அண்ணை… இல்லை அண்ணை…” என்று கதைத்தான். கதைத்து முடித்து, அகப்பையை எடுத்து, மேலாலே அள்ளி றபீக்காவின் கோப்பையில் வார்த்தான்.

யோசப்பின் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு அவள் போட்ட சத்தம் மூன்றாம் மாடிக்குக் கேட்டிருக்கும்.

“அடேய் டினேஸ்! உதென்ன, மிஸிக்குப் புளித்தண்ணியே வாத்திருக்கிறாய்?”

“கலக்கினனான் அக்கா!”

“எப்ப கலக்கினனீ? கலக்கிப்போட்டு ஊர்க்கதை கதைச்சுக்கொண்டு நிண்டால், ஒடியல் மா உனக்காகக் காத்துக்கொண்டு மிதக்குமே? அது அடியிலை போய் இருந்திட்டுது. இப்ப முன்னுக்கு வாறவைக்குத் தண்ணி, கடைசியா வாறவனுக்குக் களி! கலக்கின கையோடை வாக்கோணும், எத்தினை தரம் சொல்லிப்போட்டன்?”

“கலக்கினனான் எண்டு சொல்லுறன் எல்லோ!”

அந்த இரண்டாவது ‘கலக்கினனான்’ என் காதில் லவீனாவின் குரலாய் விழுந்தது. நல்லாக் குலுக்குவன் மிஸ். ஓம், குலுக்கினாள். என் கண்ணால் கண்டேன். குலுக்கிவிட்டு வைத்தாள். வைத்துவிட்டுச் செபம் சொல்கிறாள். என் இளக்கிய பாணியில் அந்தத் தூள் இப்போது எங்கே நிற்கும்? போத்தலில் கிடப்பதோ அடி மருந்து. அளவோ ஒன்றரை மடங்கு.

நான் ஓடினேன். கொஞ்சம் கொழுத்த உடம்பு, படியில் ஓடிப் பழக்கமில்லை, ஒரு செருப்பு எங்கேயோ கழன்றுவிட்டது. பின்னால் றபீக்கா, “என்ன ஜெயா, என்ன?” என்று கோப்பையும் கையுமாய் வந்தாள்.

வாசலில் நின்று பார்க்கிறேன். செபம் முடிந்திருந்தது. பிள்ளை மடியில். லவீனா அவன் வாயை விரலால் மெல்லத் திறந்து, சிறிஞ்சின் நுனியைக் கொண்டுபோகிறாள்.

“குடுக்காதையும்!”

நான் போட்ட சத்தத்துக்கு அவள் கை சிறிஞ்சோடு பின்னால் போனது. மூச்சு வாங்க, அவளுடைய கையிலிருந்து சிறிஞ்சைப் பிடுங்கினேன். யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே இருந்தது நான் செய்த மருந்து இல்லை. வெள்ளையாய், அரைத்த மாவு மாதிரி, தடித்துப் போய்க் கிடந்தது. போத்தலில் மிஞ்சியதை ஒரு கிளாசில் கவிழ்த்தேன். அது தண்ணீராய் ஓடவில்லை, வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. யோசப்பின் சொன்ன அதே களி.

“நான் குலுக்கினனான் மிஸ்,” லவீனாவுக்கு அழுகை வந்துவிட்டது. “மாதாவாணை குலுக்கினனான்.”

“தெரியும். கண்டனான். குலுக்கிப்போட்டு ஏன் வைச்சனீர்? உடனை எடுத்திருக்கலாமே?”

“குலுக்கினால் நுரைக்கும் மிஸ். நுரையோடை எடுத்தால் குமிழி வரும். ஒரு குமிழியும் பிள்ளைக்குள்ளை போகப்படாதெண்டு மிஸி சொன்னவ. அதுதான் நுரை அடங்குமட்டும் செபம் சொல்லுவன். பத்துமணி முடிய நுரையும் அடங்கிவிடும்.”

றபீக்கா கதவு நிலையில் சாய்ந்துவிட்டாள். கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அல்லாவே… அது நான் நரம்பிலை ஏத்திற மருந்துக்குச் சொன்னது மகள். வாயாலை குடுக்கிற மருந்திலை குமிழி வந்தால், சிறிஞ்சைத் தட்டிப்போட்டு, திருப்பிப் போத்தலுக்கை தள்ளிப்போட்டு எடுக்கவேண்டியதுதான். நான் அதைப் பிரிச்சுச் சொல்லேல்லையே.”

எனக்கு எல்லாம் வரிசையாய் வந்து நின்றது. புதுப் போத்தல் நிரம்பி இருக்கும்போது சிறிஞ்ச் மேலேதான் முட்டும். தூள் கீழே போயிருக்கும், பிள்ளைக்குக் கிடைத்தது வெறும் பாணி, வலிப்பு வந்தது. போத்தல் வற்ற வற்ற அடியில் கிடந்த மருந்து முழுவதும் வந்தது, பிள்ளை செத்தவன் மாதிரித் தூங்கினான். முன்னுக்குத் தண்ணி, கடைசியில் களி. இதைத்தான் லவீனா காலையிலேயே என் முகத்துக்கு நேரே சொன்னாள், ஒரு போத்தலுக்குள்ளையே மாறுது மிஸ் என்று. வோட்டில் ஏன் இது நடக்கவில்லை? அங்கே மிஸிமார் குலுக்கிய கையோடே எடுத்து அடுத்த கட்டிலுக்கு ஓடுவார்கள். நின்று செபம் சொல்ல அங்கே ஆருக்கு நேரம்?

உள்ளதைச் சொன்னால், அந்த நேரம் எனக்குப் பயத்தோடு ஒரு சந்தோசமும் வந்தது. ஏன் என்ற கேள்விக்கு மறுமொழி கிடைத்தால் வரும் சந்தோசம். அதை லவீனாவுக்கு விளங்கப்படுத்தினேன், கூழை வைத்தே சொன்னேன். கெட்டிக்காரி, உடனே பிடித்துக்கொண்டாள். பிடித்த பிறகு அவள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் என் சந்தோசம் ஓடி ஒளித்தது.

“அப்ப என்ரை செபமோ மிஸ்?” என்று கேட்டாள். “என்ரை செபம்தானோ பிள்ளையை இப்பிடி ஆக்கினது?”

கோபம் வந்தால் எனக்குச் சொல் வரும். இப்போது கோபமும் இல்லை, சொல்லும் இல்லை. அவள் பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மாதா சுரூபத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி நின்றாள். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

வெறும் போத்தலை எடுத்து லேபலைக் காட்டினேன்.

“வாசியும்.”

“நன்கு குலுக்கிய பின் கொடுக்கவும்.”

“பின் எண்டால் எப்ப? நாளைக்கும் பின்தான், வாற கிழமையும் பின்தான். நீர் எழுதினபடி செய்தனீர். ‘உடனே’ எண்டு எழுதாதது நான். மிஸி ஒண்டு சொன்னவ, நான் ஒண்டு எழுதினன், ரெண்டையும் நீர் ஒருத்தியாய் நிண்டு காப்பாத்தினனீர். செபத்திலை ஒரு பிழையும் இல்லை.”

டொக்டர் சிவதர்ஷனுக்குப் போன் எடுத்தேன். முழுவதையும் கேட்டார்.

“இண்டைக்கு மருந்து குடுக்கவேண்டாம். உடம்பிலை கிடக்கிறதே காணும். பிள்ளையை இப்பவே கொண்டுவந்து வோட்டிலை வையுங்கோ, நான் வந்து பாக்கிறன். கூட்டினதை வெட்டிவிடுங்கோ, பழைய அளவுதான்.” பிறகு மெதுவாய்க் கேட்டார்: “மூளையைப் பற்றி நான் சொன்னதாலை தாய் நல்லாப் பயந்துபோனாவோ?”

“பயந்துதான் போனா டொக்டர்.”

“புதுப் போத்தல் அடி காணட்டும். அந்தக் கிழமையும் இப்பிடித் தூங்கிறானோ எண்டு பாப்பம். இப்ப நான் நல்லதெண்டும் சொல்லேல்லை, கெட்டதெண்டும் சொல்லேல்லை எண்டு சொல்லுங்கோ.”

சொன்னேன். லவீனா தலையாட்டினாள். டினேஸ் ஓட்டோ பிடிக்க ஓடினான். பிள்ளையின் உடுப்புகளை அடுக்கிக்கொண்டிருந்த லவீனா திடீரென்று நின்று, ஆருக்கென்றில்லாமல் கேட்டாள்: “இனிச் செபத்தை விடுறதோ?”

“ஏன் விடோணும்?” என்றாள் றபீக்கா. “குலுக்கேக்கையே சொல்லு. முடிஞ்ச கையோடை எடு.”

“செபம் சொல்லேக்கை போத்தலைப் போட்டு ஆட்டலாமோ மிஸி? மரியாதையில்லை எல்லோ?”

றபீக்கா என்னைப் பார்த்தாள். நான் றபீக்காவைப் பார்த்தேன். இந்தக் கேள்விக்கு எங்கள் இரண்டு பேரிடமும் மருந்தில்லை. என் கழன்ற செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்ற யோசப்பின்தான் சொன்னாள்:

“விசர்ப் பெட்டை. மாதாவும் பிள்ளை வளத்தவ எல்லோ. அவவுக்கு விளங்கும்.”

அதற்குப் பிறகு நான் செய்தவை இரண்டு. முதலாவது, பாணி. தடித்த பாணிக்கும் இளக்கிய பாணிக்கும் நடுவில் ஒன்றைப் பிடிக்க ஒரு கிழமை மினக்கெட்டேன். கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி, குலுக்கி வைத்து, தூள் எவ்வளவு நேரம் மிதக்கிறது என்று பார்ப்பேன். பார்த்துவிட்டு, அதே மருந்தை றபீக்காவின் குழாய்க்குள்ளாலும் விட்டுப் பார்ப்பேன். ஒன்று மிதந்தது, குழாயில் நின்றது. ஒன்று குழாயில் ஓடியது, உடனே அடைந்தது. மற்றவர்கள் எனக்கு மூளை தட்டிவிட்டது என்று நினைத்தார்கள். கடைசியில் இரண்டுக்கும் இசைகிற ஒன்று கிடைத்தது. அதுவும் விட்டால் அடையும்தான், ஆனால் அவசரப்படாமல் அடையும்.

இரண்டாவது, லேபல். ‘பின்’ என்ற சொல்லை எல்லாப் போத்தலிலும் எடுத்துவிட்டேன். ‘நன்கு குலுக்கிய உடனே எடுக்கவும்’ என்று போட்டேன். லவீனாவின் போத்தலில் மட்டும் அதற்குக் கீழே என் கையால் ஒரு வரி எழுதினேன்: ‘ஆமென் சொன்ன உடனே.’ டொக்டர் சிவதர்ஷன் அதைக் கண்டுவிட்டார். ஏதோ சொல்ல வந்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி போய்விட்டார்.

கொழும்பிலிருந்து இரத்தப் பரிசோதனை மறுமொழியும் வந்தது. போத்தலின் மேல் மருந்து குடித்த கிழமையில் எடுத்த இரத்தம். மருந்து மிகக் குறைவு என்றிருந்தது. அது ஏன் என்று இப்போது எங்களுக்குத் தெரியும். ஆனால் மூளையைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. புதுப் போத்தலின் முதல் கிழமை வலிப்பு வரவில்லை என்று டினேஸ் போனில் சொன்னான். அது பாதிதான். மற்றப் பாதி போத்தலின் அடியில் இருந்தது. அதுவரை நான் மற்ற வெள்ளிகளை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள்.

அவர்கள் வரும் நாளில் காலையிலிருந்து யன்னலை விட்டு நகரவில்லை. லவீனா வரிசையில் நின்றாள். முன்னால் ஏழெட்டுப் பேர். தலையணை உறை மாதிரி ஒரு துணியால் பிள்ளையை மூடியிருந்தாள், வெயிலுக்கு. முகம் தெரியவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்தும் ஒன்றும் பிடிக்க முடியவில்லை. அவளுடைய முறை எப்போது வரும் என்று நான்தான் தவித்தேன்.

யன்னலுக்கு வந்தாள். பையிலிருந்து போத்தலை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஆட்டிப் பார்த்தேன், அடியில் ஒரு தடவைக்குத்தான் மருந்து கிடந்தது.

“முடியிற கிழமை மிஸ்,” என்றாள்.

பிறகு துணியை விலக்கினாள். கொலின்ஸ் முழித்திருந்தான். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கி, என்னை ஒரு பார்வை பார்த்து, பிடிக்கவில்லை போலும், உதட்டைப் பிதுக்கி அழத் தொடங்கினான். லவீனா, “என்னடா, என்னடா ராசா,” என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு, தலையைத் திருப்பி, அவளைத் தேடிப் பிடித்துப் பார்த்தான்.